சாவி யார் கையில்?

சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் 'ஏ.ஐ. முகவர்கள்' வந்துவிட்டன. கடிதம் படிக்கும், கோப்பைத் திறக்கும், பணமும் கட்டும். அவற்றிடம் எந்தக் கருவியைக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் பழையது.

1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஒரு வேலைக்குத் தேவையான அளவே அதிகாரம் தரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மரம் சீவப் போறவருக்குக் கத்தி கொடுப்பாங்க. ஸ்டோர் சாவியைக் கொடுப்பாங்களா?

எழுதினால் ஆச்சா? நோர்ம் ஹார்டி என்பவர் 1988-இல் வெளியிட்ட சம்பவத்தைக் கேளுங்கள். டைம்ஷேர் என்ற நிறுவனத்தில், பிறர் எழுதும் நிரல்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் ஒரு நிரல் இருந்தது. தன் உபயோகக் கணக்கைக் குறித்துவைக்க, ஒரு கோப்பறை முழுவதிலும் எழுத அதற்கு அனுமதி தந்திருந்தார்கள். கட்டணக் கணக்கும் அதே அறையில்தான்! பயனாளர் ஒருவர், தமக்கு வேண்டிய விவரத்தை எழுதித்தரச் சொல்லி, கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். அதைத் தொட அவருக்கு அனுமதியில்லை, நிரலுக்கு இருந்தது. எழுதிவிட்டது. கட்டணக் கணக்கு போயே போச்சு. நிரல் திருடவில்லை. யார் தந்த சாவியை யாருக்காகத் திருப்புகிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'குழம்பிய பிரதிநிதி' என்று ஹார்டி பேர் வைத்தார்.

இன்றைய முகவர்களிடமும் இதே தொல்லைதான். வந்த கடிதத்தில் எவனோ ஒளித்துவைத்த வரியைக் கட்டளையென்று நம்பிவிடுகின்றன. ஆகவே கருவிகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். அழிப்பதானாலும் பணம் அனுப்புவதானாலும் மனிதரைக் கேட்டாக வேண்டும் என்று வைக்கிறார்கள். எனக்கென்னவோ, கேட்கும்போதெல்லாம் படிக்காமலே 'சரி' என்று அழுத்துகிறவர்களைப் பற்றித்தான் கவலை.