வெற்றிலைக் காம்பும் பீச்சுக் குழலும்

பினாங்குத் தீவிலே கெலுகோர் என்னுமிடத்தில், பழைய மிண்டன் படைவீட்டு வளாகத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. மருந்தாளுநர் பட்டக் கல்வியை அந்நாட்டில் முதன்முதல் தொடங்கியது அதுவே, ஆண்டு 1972. மலச்சிக்கலுக்கு ஆசனவாயில் வைக்கும் திரிமருந்தை உருக்கி அச்சில் வார்ப்பது அக்கல்வியைச் சேர்ந்ததொரு சிறு வித்தை. இதனை நம் பாட்டிமார் வெற்றிலைக் காம்பொன்றைக் கொண்டே செய்து வந்தனர் என்றால் நகைப்பாரும் உளர்.

நகைக்க வேண்டுவதில்லை. குழந்தைக்கு மலங்கட்டினால் காம்பின் நுனியை ஆமணக்கெண்ணெயில் தோய்த்துச் சிறிதே உட்செலுத்துவர். எண்ணெய் வழுக்கும், தீண்டலால் மலக்குடல் சுருங்கும், மலம் வெளிப்படும். கமுகின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தீவில் குடியேறிய தமிழருக்கு வெற்றிலைக்கு என்ன பஞ்சம்? இன்றைய திரிமருந்து பெரும்பாலும் கிளிசரினால் ஆயது. ஷீலே என்பார் 1779இல் கண்டறிந்த அப்பொருள் நீரையீர்த்துக் குடலைத் தூண்டுகின்றது. கருத்து ஒன்றே, கூடச் சேர்ந்தவை அளவும் தூய்மையும். காம்போ மெல்லிய தசையைக் கீறிவிடவுங் கூடும்; ஆதலின் அதனை இனியும் கையாள்க என்று நாம் சொல்லோம்.

எனிமாவும் மேனாட்டார் தந்த புதுமையன்று. சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானம் அதனை விரித்துரைக்கின்றது. ஆடு, எருமை முதலியவற்றின் மூத்திரப்பையைப் பதப்படுத்தி, அதன் வாயிற் குழலைக் கட்டிக் கஷாயமோ எண்ணெயோ நிரப்பிப் பிழிவர். வஸ்தி என்னும் வடசொல்லுக்கே மூத்திரப்பை என்றுதான் பொருள். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளுள் 'பீச்சு' என்பதும் இதுவே. இவையெல்லாம் ஏட்டிலேறின, முனிவர் பெயரும் உடனேறிற்று. காம்பைப் பிடித்த கிழவியின் பெயரை எழுதி வைத்தார் எவருமிலர்!

ஏட்டிலிருப்பதனாலேயே தீங்கற்றதென்று கொள்ளுதலும் தவறு. சோப்பு நீரைச் செலுத்திக் குடலைப் புண்ணாக்கிக் கொண்டார் பலர். கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமா சிறு குழந்தைக்கும், சிறுநீரகம் பழுதுற்ற முதியவருக்கும் உயிருக்கே ஊறாகலாம்.

இவற்றினுங் கொடியது வெட்கம். மலம் என்ற சொல்லையே தீட்டாகக் கருதும் குடும்பத்தில், முதியவர் தம் துன்பத்தை மகனிடமுஞ் சொல்லார்; மருத்துவரிடமுஞ் சொல்லார்; இரகசியமாய் எனிமாவை வாங்கி வைத்துக்கொள்வார். மலத்தோடு இரத்தம் போதலும், நெடுநாள் ஒழுங்காயிருந்த வயிறு முதுமையில் திடீரென மாறுதலும் பெருங்குடற் புற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளுள் அஃதொன்று. தொடக்கத்தே கண்டால் பெரும்பாலும் தீர்க்கத்தக்கதுமாகும்.