உணவுண்ணல் கோளாறிலிருந்து மீள்வதில் இறைநம்பிக்கை

பட்டினி கிடந்து உடலை ஒடுக்குதல், அளவுமீறி உண்டு குற்றவுணர்வில் வெளியேற்றுதல் போன்ற உணவுண்ணல் கோளாறுகளுக்கு மருத்துவம், உளச்சிகிச்சை, ஊட்டச்சத்து மேற்பார்வை மூன்றும் அடிப்படை. இறைநம்பிக்கை அவற்றுக்கு மாற்றாகாது. ஆனால் நல்ல துணையாகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்நோயாளிகளாக இருந்த 122 பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆன்மிகக் குழுவிலும் பங்கேற்றவர்கள் பிற குழுவினரைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேறினர். ஒரே மையத்தில் கிடைத்த முடிவைப் பொதுவிதியாக்க முடியாதுதான். எனினும் காரணத்தை ஊகிக்கலாம்: எடைக்கருவி காட்டும் எண்ணே தன் மதிப்பு என்று நம்பிவிட்டவருக்கு, எந்த எண்ணாலும் கூடாத குறையாத மதிப்பு தனக்குண்டு என்ற நம்பிக்கை காலூன்ற இடம் தருகிறது.

சமயமே நோன்பைப் புனிதமாக்கி நோயை வளர்க்கிறதே என்பது வலுவான மறுப்பு. இத்தாலியின் சியன்னா நகரப் புனித கத்தரீன், உண்ணும்படி ஆன்ம குரு பணித்தும் உண்ண இயலாமல், நற்கருணை அப்பத்தையும் தண்ணீரையும் சிறிது கீரையையுமே பெரிதும் நம்பி வாழ்ந்து, 1380இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். வரலாற்றாய்வாளர் ருடால்ஃப் பெல் 1985இல் எழுதிய நூலில் இத்தகைய துறவியரின் பட்டினியை இன்றைய பசியின்மை நோயோடு ஒப்பிட்டார். இடைக்காலத் துறவுக்கு இக்கால நோய்ப்பெயர் முழுதும் பொருந்தாது. ஆனால் அவர் சுட்டிய ஆபத்து உண்மையானது. அதற்கான விடை சமயங்களுக்குள்ளேயே இருக்கிறது. நோயாளிக்கு ரமலான் நோன்பிலிருந்து குர்ஆன் விலக்கு அளிக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் யோம் கிப்பூர் நோன்பு நாளிலும் உண்ண வேண்டும் என்கிறது யூத நெறி. நோயின் பிடியில் இருப்பவர் இச்சலுகையைத் தாமாக ஏற்கத் தயங்குவார். அதனால்தான் மருத்துவர் சொல்வதை இமாமோ ரப்பியோ பாதிரியாரோ வெளிப்படையாக வழிமொழிவது சிகிச்சையின் பகுதியாகவே அமைய வேண்டும்.