வண்டி பூட்டிய காலமும், வண்டிக்குப் பூட்டுப் போட்ட காலமும்

"வண்டியைப் பூட்டு" என்று நம் பாட்டனார் சொன்னால், மாடுகளை நுகத்தடியில் கட்டிப் புறப்பட ஆயத்தம் செய் என்று பொருள். இன்று யாரேனும் அவ்வாறு சொன்னால், சாவியைத் திருகி வண்டியை நகராமல் செய் என்று பொருள். ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே சொல் வந்து அமைந்துவிட்டது வியப்புக்குரியது. இதற்குக் காரணம் மொழியில் இல்லை, மாட்டில் இருக்கிறது. மாட்டை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டிவிட்டால் வண்டியை யாரும் எளிதில் கொண்டுபோக முடியாது. இழுக்கும் ஆற்றல் வண்டிக்கு வெளியே இருந்தவரை வண்டிக்கெனத் தனிப் பூட்டு வேண்டியிருக்கவில்லை. அந்த ஆற்றலை எஞ்சினாக வண்டிக்குள்ளேயே வைத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

ஏற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மாலைப்பொழுதில் இச்செய்தி நினைவுக்கு வந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்த ஒரு வீட்டு வண்டி அங்கே நின்றிருந்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. திரைப்படப் படப்பிடிப்புகளின் வாயிலாக 'கேரவன்' என்ற பெயர் நமக்கு நன்கு பழகியதே. மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில், 1935இல் தொடங்கப்பெற்ற மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த நாள் நடிகர்களுக்கு இவ்வசதி கிட்டியிராது!

வண்டிக்காரர் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கியது. "சார், வண்டியை இங்கே விட்டுவிட்டுப் பகோடா முனைக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் போய்வர வேண்டும். இந்தப் பூட்டு போதுமா?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண மனிதன் நெடுங்காலம் உழைத்திருக்கிறான்.

முதலில் அந்தத் திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். சேலத்துக்குத் தெற்கே நாமக்கல், கரூர் வழியாகச் சென்றால் வரும் திண்டுக்கல்லில், நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் பூட்டுச் செய்கிறார்கள். மாங்காய் வடிவில் அமைந்தது மாங்காய்ப் பூட்டு. சாவி போட்டாலும் மறைவான ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் திறக்காத தந்திரப் பூட்டும் உண்டு. 2019இல் இப்பூட்டுகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலிவான இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் தொழில் நலிந்த நிலையில் அப்பெருமை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது? மெல்லிய நெம்புத் தகடுகள் சில அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். சற்றுக் குறைந்தாலும் திறக்காது. சற்றுக் கூடினாலும் திறக்காது. இக்கருத்தை 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை பெற்று நிலைநாட்டினார். அதற்கு முன்னிருந்த பூட்டுகளில் பெரும்பாலானவை சாவியின் வழியில் சில தடுப்புகளை மட்டுமே வைத்திருந்தன. தடுப்புகளைச் சுற்றிச் செல்லும் ஒரு வளைந்த கம்பி இருந்தால் போதும், கதை முடிந்தது.

பாரனுக்குப் பின் ஆங்கிலேயப் பூட்டுக்காரர்களுக்குப் பெருமிதம் தலைக்கேறியது. ஜோசப் பிராமா 1784இல் ஒரு புதுவகைப் பூட்டு செய்தார். அவருடைய கடையின் காட்சிப் பலகணியில் ஒரு பூட்டு வைக்கப்பட்டு, அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என அறிவிக்கப்பட்டது. ஆண்டுகள் பல உருண்டும் திறப்பார் இல்லை. 1818இல் ஜெரமையா சப் இன்னொரு படி மேலே சென்றார். யாரேனும் கள்ளச்சாவியிட்டு ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால், அத்தகடு அப்படியே சிக்கிக்கொள்ளும். மறுநாள் உரியவர் தம் சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். காவலும் தானே, ஒற்றனும் தானே!

1851இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர், சப்பின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். எப்படி? எந்தத் தகடு அளவுமீறி உயர்ந்தது என்பதை அந்த ஒற்று அமைப்பே அவருக்குத் தெரிவித்தது. கள்வனைக் காட்டிக்கொடுக்க வைத்த உறுப்பு கள்வனுக்கே வழிகாட்டியாயிற்று. பின்னர் பிராமாவின் பூட்டில் கைவைத்தார். 16 நாள்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதையும் திறந்தார். 200 கினியும் அவர் கைக்கு வந்தது.

ஆங்கிலப் பத்திரிகைகள் நாட்டின் மானமே போய்விட்டதுபோல் வருந்தின. பலர் இதைப் பூட்டுகளின் தோல்வி என்றே சொல்வர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கள்வன் 16 நாள் வந்து அமர்ந்து, சாட்சிகள் சூழப் பூட்டைத் திறப்பான்? ஹாப்ஸ் தம்மை அறியாமலே ஓர் அளவுகோலைத் தந்துவிட்டார்: ஒரு பூட்டு 25 நிமிடம் பெறும், இன்னொன்று 51 மணி பெறும். 'திறக்க முடியாத பூட்டு' என்று ஒன்றில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே கேள்வி. அந்த நேரத்துக்குள் யாராவது அவ்வழியே வருவாரா, எவ்வளவு ஓசை எழும் என்பவை அடுத்த கேள்விகள்.

(பிராமாவும் சப்பும் சாவியைச் சிக்கலாக்கிக்கொண்டிருந்தபோது, எகிப்தியர் பண்டைக் காலத்தில் மரத்தால் செய்த பூட்டு காத்துக் கிடந்தது. மரத் தாழ்ப்பாளின் துளைகளில் மேலிருந்து முளைகள் விழுந்து பிடித்துக்கொள்ளும்; பல் துலக்கும் தூரிகை போன்ற மரச்சாவி அவற்றைத் தூக்கி விடுவிக்கும். இதையே உலோகத்தில் சிறிய உருளைக்குள் அடக்கி, தட்டையான சாவியோடு 1860களில் லைனஸ் யேல் தந்தார். நம் வீட்டுக் கதவுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது அதுவே.)

இனி ஏற்காட்டுக்குத் திரும்புவோம். வண்டிக்காரரின் பூட்டு நல்ல பூட்டுத்தான். ஆனால் அது தொங்கிய நாதாங்கி நான்கு சிறு திருகாணிகளால் வண்டியின் மேல்தகட்டில் பிடிக்கப்பட்டிருந்தது. அத்தகடு அலுமினியம், தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூருக்குச் சென்று அலுமினியமாயிற்று. எடை குறைந்த உலோகம். மலையேறும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் கடப்பாரைக்கு ஒரு பொருட்டே அல்ல. கள்வன் பூட்டைத் தொடவே மாட்டான். நாதாங்கியைப் பெயர்த்து எடுப்பான். ஆகவே திருகாணிக்குப் பதில் தகட்டின் மறுபக்கம்வரை செல்லும் மரையாணிகளும், உள்ளே அகலமான எஃகுப் பட்டையும் வேண்டும் என்று சொன்னேன். பூட்டின் வளைகம்பி வெட்டுக்கருவியின் வாய்க்குள் நுழையாதபடி தோள் உயர்ந்த பூட்டாக இருப்பதும் நலம். மலைப் பனிமூட்டத்தில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் பித்தளை உடல் சிறந்தது. தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது தூசியோடு கலந்து பிசினாகி, மழை இரவில் உரியவரையே வெளியே நிறுத்திவிடும்.

உட்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் சாவியின்றித் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே எரிவாயு உருளையும் உறங்கும் குழந்தைகளும் இருக்கும் வண்டியில் தீப்பிடித்தால் சாவி தேட நேரம் கிடைக்காது. சன்னல் கொக்கிகளையும் மறக்கலாகாது. ஏற்காட்டுக் குரங்குகளுக்குச் சாவியும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம்.

பொருளைக் காப்பது ஒன்று. வண்டியையே காப்பது வேறொன்று. இங்கேதான் ஸ்டியரிங் பூட்டின் கதை வருகிறது. மேற்கு ஜெர்மனி 1961 முதல் 1963க்குள் பழைய கார்கள், புதிய கார்கள் அனைத்துக்கும் இப்பூட்டைக் கட்டாயமாக்கியது. கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. குறைந்த நிலையிலேயே நீடித்தது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. விளைவை ஆராய்ந்தவர்கள் லண்டனில் வேடிக்கையான ஒன்றைக் கண்டனர். திருடுபோன கார்களில் புதியவற்றின் பங்கு 1969இல் ஏறத்தாழ 21 விழுக்காடு; 1973இல் 5 விழுக்காடு. ஆனால் மொத்தத் திருட்டு குறையவில்லை. கள்வர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்கு மாறிவிட்டனர். நம் வண்டியின் பூட்டு சில வேளைகளில் அடுத்தவர் வண்டிக்குக் கள்வனை அனுப்பிவைக்கிறது என்பது கொஞ்சம் கசப்பான உண்மை.

1998இல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு மின்னணுத் தடை கட்டாயமாயிற்று. சாவியிலுள்ள சில்லு பேசினாலொழிய எஞ்சின் கிளம்பாது. பூட்டுக்காரர்களின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் சாவியின் ரேடியோக் குறிப்பை வீட்டு வாசலிலிருந்தே வாங்கி, வண்டிவரை அஞ்சல் செய்து திருடும் முறை வந்ததும், சக்கர வளையத்தின் குறுக்கே மாட்டும் இரும்புத் தண்டும் கியர் பூட்டும் மீண்டும் கடைக்கு வந்தன. அத்தண்டை அறுக்க வேண்டியதில்லை, ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துக் கழற்றிவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் கண்ணாடி வழியாகக் கண்ணுக்குத் தெரிவதும், சில நிமிடங்கள் பெறுவதும் வீண் அல்ல.

இங்கே மலைப்பாதைக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவை. எரிபொருள் மிச்சமாகும் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடும் வழக்கம் நம் ஓட்டுநர்கள் சிலரிடம் இன்றும் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட ஆற்றல் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அந்நிலையில் சாவியையும் உருவினால் ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் பூட்டின் முளை விழக் காத்திருக்கும். அடுத்த வளைவில் திருப்பும்போது விழும். பிறகு திரும்பாது. கள்வனுக்கென்று செய்த பூட்டு ஓட்டுநரையே பிடித்துக்கொள்ளும். தவறிப் பூட்டிக்கொள்ளாதிருக்கச் சாவியை அழுத்தித் திருகினால்தான் உருவ முடியும் என்பன போன்ற அமைப்புகள் உண்டு. ஆனால் தேய்ந்த பழைய வண்டியில் அவற்றை நம்புவதற்கில்லை. ஏறிய கியரிலேயே, எஞ்சின் ஓடும் நிலையிலேயே இறங்க வேண்டும்.

சக்கரப் பூட்டையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் டென்வர் நகரில் இசைக்கலைஞர் ஃபிராங்க் மாரக் செய்த சக்கரப் பிடியை அந்நகரக் காவல்துறை 1955இல் பயன்படுத்தத் தொடங்கியது. அபராதம் கட்டாதவர்களுக்காக வந்த கருவி பின்னர் வண்டி உரிமையாளர்களுக்கும் பயன்பட்டது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் நமக்கு இதில் புதுமை பாதிதான். முட்டுக்கட்டைக்குச் சாவி வைத்தது மட்டுமே புதிது. ஆனால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 3.5 டன் வண்டி ஏறத்தாழ 350 கிலோ எடை அளவு விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். அதைத் தாங்குவது கைப்பிரேக்கும் கியரும் முட்டுக்கல்லுமே, பூட்டு அல்ல. பல நாள் நிறுத்தி வைத்தால் சக்கரப் பிடி நல்லது. ஓர் இரவுக்கு அது பெரும்பாலும் சுமை; அதை மறந்து வண்டியை எடுத்தால் சக்கரக் காப்புத் தகடும் பிரேக்குக் குழாயும் சேதமடையலாம்.

வண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியைத் தேநீர்க் கடை விளக்கின் வெளிச்சம் விழும் இடத்துக்கு நகர்த்தினார். நான் சொல்லாமல் விட்ட பூட்டு அது.

மறுநாள் காலை அவர் புறப்படும்போது பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து தண்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார். சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டார். பிறகு இறங்கி வந்து சக்கரத்தடிக் கல்லை எடுத்துச் சாலையோரத்துப் புதர் அருகே போட்டார். பலர் அதை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவருக்குத்தான் அந்தக் கல்லின் கதை தெரியும்.