வலியசாலை: தங்கிப் பயின்றோரின் சாலை

திருவனந்தபுரத்தில் தம்பானூர் இரயில் நிலையத்தில் இறங்கி, வலியசாலை எங்கே என்று வினவும் தமிழர், அது ஏதோ ஒரு பெரிய வீதியின் பெயர் என்றே முதலில் எண்ணுவர். 'வலிய' என்னும் சொல்லுக்கு மலையாளத்தில் 'பெரிய' என்பது பொருள். 'சாலை' என்றாலோ, வண்டிகள் ஓடும் பாதையே இன்று நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இப்பெயரிலுள்ள சாலை பாதையன்று. பாடசாலை, தருமசாலை, வைத்தியசாலை என்னும் சொற்களில் நாம் இன்றும் வழங்கி வருகின்றோமே, அந்தச் சாலையே இது. மாணவர் தங்கி, உண்டு, பயின்ற ஓர் இடத்தின் பெயர் இங்கே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து.

கன்னிமாடங்களைச் சேர்ந்த பழைய பள்ளிக்கூடங்கள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறுவதை இந்நாளில் உலகின் பல பாகங்களிலும் காண்கின்றோம். வகுப்பறையாக இருந்த அறையில் இரவைக் கழிப்பது பயணிகளுக்குப் புதுமையாகத் தோன்றுகிறது. நம் நாட்டிலோ, பள்ளியும் விடுதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பழைய வழக்கம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்கு அன்னமும் மாணவருக்குக் கல்வியும் சேர்ந்தே கிடைத்தன. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கம் வேரூன்றியிருந்ததற்கு வலியசாலை சான்றாகிறது.

வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கின்றது. சிவன், திருமால், பிரமன் ஆகிய மூவருக்கும் இங்கே தனித்தனிச் சந்நிதிகள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் பெரும் புகழ் பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடத்திலேயே இருந்தது என்று அறிஞர் பலர் கொள்வர். வேறிடம் காட்டுவோரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையின் வரலாற்றைத் தனியே ஆராய்ந்து எழுதியவர்.

985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செயலைத் தன் வெற்றிகளுள் ஒன்றாகக் கல்லில் பொறித்துக்கொண்டான். கலம் என்பது மரக்கலம். ஆகவே சேரனுடைய கப்பற்படையை அழித்தான் என்பர் ஒரு சாரார். கலம் என்பது உண்கலம். ஆகவே சாலையில் நடந்த உணவளிப்பைத் தொட்ட செயல் அது என்பர் மற்றொரு சாரார். வாதம் எவ்வாறாயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். காந்தளூரை நாம் பெரும்பாலும் ஒரு மன்னனின் வெற்றிப் பட்டியலில் மட்டுமே அறிந்திருக்கின்றோம். அங்கே படித்தவர் யார், எப்படி வாழ்ந்தனர் என்று நாம் கேட்பதில்லை.

அக்கேள்விக்கு விடை தருவது வேறொரு சாலையின் செப்பேடு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில், முன்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து அவர்களிடம் நிலம் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, அவ்விடத்துக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலோடு ஒரு சாலையையும் நிறுவினான். அது 'காந்தளூர் மரியாதை'யில், அதாவது காந்தளூரின் முறைமையைப் பின்பற்றி நடக்க வேண்டும் என்று விதித்தான். எனவே 866-க்கு முன்பே காந்தளூர் பிறருக்கு முன்மாதிரியாக விளங்கியது என்பது தெளிவு. திருவிதாங்கூர்த் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் இச்செப்பேட்டைப் பதிப்பித்து உலகறியச் செய்தார்.

பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவருக்கு இடம் இருந்தது. மாணவரைச் 'சட்டர்' என்று செப்பேடு குறிக்கிறது. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று வேதப் பிரிவு வாரியாக அவ்விடங்கள் வகுக்கப்பட்டன. சேர விரும்புவோர் இலக்கணம் முதலியவற்றில் பயிற்சி உடையவராக இருப்பதோடு, 'திரைராச்சிய வியவகாரம்', அதாவது மூன்று அரசுகளின் நடைமுறை பற்றிய அறிவும் பெற்றிருக்க வேண்டும். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றிலும் பழகத் தெரிந்தவனே அங்கு நுழையத் தக்கவன் என்று இதனை விளக்குவர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த விதி வியப்பைத் தரவில்லை. அயல் மண்ணின் வழக்கறிந்து பிழைப்பது நம் அன்றாடப் பாடமன்றோ!

விடுதி வாழ்வுக்கும் விதிகள் இருந்தன. பூசலிட்டவருக்குத் தண்டம் உண்டு. படைக்கலத்தோடு சபைக்கு வரலாகாது. மடங்களில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. இளைஞர் பலர் ஒருங்கே தங்கும் இடத்தில் எழக்கூடிய தொல்லைகள் யாவும் அன்றும் இருந்தன என்பதை இவ்விதிகளே சொல்கின்றன. வேதம் ஓதும் ஆண்மக்களுக்கு மட்டுமே அக்கதவு திறந்திருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

சோழரும் இத்தகைய கல்வியை ஆதரித்தனர். கன்னியாகுமரியில் இருந்த ஸ்ரீவல்லவப் பெருஞ்சாலை இராசராசப் பெருஞ்சாலை எனப் பெயர் மாறியது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். இளைய மாணவர் 270 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. சோறிட்டாலன்றிக் கல்வி நடவாது என்பதை அக்காலத்தார் நன்குணர்ந்திருந்தனர்.

1956 நவம்பர் 1 முதல் பார்த்திவசேகரபுரம் தமிழகத்திலும், வலியசாலை கேரளத்திலும் இருக்கின்றன. முன்மாதிரி ஒரு மாநிலத்தில், அதைப் பின்பற்றியது மற்றொன்றில். எனினும் வலியசாலையின் அக்கிரகாரத் தெருக்களில், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து தங்கியோரின் வழித்தோன்றல்கள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வாழ்ந்து வந்திருக்கின்றனர்.

நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்துச் சரசுவதி அம்மன் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேருகிறாள். உடன் வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது அருகிலுள்ள ஆரியசாலைக் கோயிலில். கலைமகளுக்கும் முருகனுக்கும் அந்நகரில் ஆண்டுதோறும் தங்குமிடம் தயாராகிறது. அந்நாட்களில் திருவனந்தபுரம் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள், சற்றே நடந்து வலியசாலைக்கும் சென்று வருக. காந்தளூர் மகாதேவர் சந்நிதியில் நிற்கும்போது, கலமறுத்த மன்னனை நினைப்பதோடு, அச்சாலையில் உண்டு பயின்ற பெயரறியாச் சட்டர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.