இரண்டு கார்ல்டன்கள்

லண்டனின் கில்பர்ன் பகுதியில் இருந்தது கார்ல்டன் டாவர்ன். மெல்பர்ன் நகர மையத்தை ஒட்டிய கார்ல்டன் பேட்டையில் இருந்தது கார்ல்டன் இன். கடைசிக் காலத்தில் அதன் பெயர்ப்பலகை ‘கார்க்மன்’ என மாறியிருந்தது. பெயர்ப்பொருத்தம் தற்செயலானது. பதினெட்டு மாத இடைவெளியில் இரண்டு பப்களும் அனுமதியின்றி இடிக்கப்பட்டன என்பதால்தான் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இடித்தவர்கள் நாள் பார்த்த விதத்திலும் ஒற்றுமை உண்டு. கில்பர்னில், ஈஸ்டர் திங்களன்று சரக்குக் கணக்கு எடுக்க வேண்டுமெனச் சொல்லிக் கடையை அடைக்க வைத்தார்கள். 2015 ஏப்ரல் 8 அன்று இயந்திரம் வந்து நின்றது. மெல்பர்னில், 2016 அக்டோபரில் ஒரு வார இறுதி. அலுவலகங்கள் திறந்தபோது 1850களின் கட்டடம் செங்கல் குவியலாகக் கிடந்தது. எதிரே இருப்பது மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி! சட்டம் படிப்பவர்கள் மாலையில் வந்து உட்கார்ந்த இடத்துக்கே அந்தக் கதி.

வயதை வைத்துப் பார்த்தால் மெல்பர்ன் கட்டடம்தான் மூத்தது. கில்பர்ன் கட்டடம் 1920–21இல் சாரிங்டன் மதுவடிப்பு நிறுவனத்துக்காக எழுப்பப்பட்டது. அதுவும் முதல் உலகப்போரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து அழிந்த ஒரு பப்பின் இடத்தில். ஆக, ஊரார் திரும்பக் கேட்ட ‘அசல்’ என்பதே ஒரு மறுபிறவி. இதை நினைக்கும்போது பழமை என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்று தோன்றுகிறது.

பிறகு இரு கதைகளும் பிரிகின்றன. பிரித்தது அபராதத்தின் அளவன்று. மெல்பர்னில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் விதித்தார்கள். கல்நார் கலந்த இடிபாட்டை வேறிடத்தில் கொட்டியதற்கும் தனி வழக்கு நடந்தது. அந்த மனையில் தற்காலிகப் பூங்காவாவது அமைக்க வேண்டுமென 2019இல் உடன்பாடு ஏற்பட்டது. கெடு தவறியதால் அவமதிப்பு வழக்கும் தொடர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு பழைய சுவர் மட்டும் எழவில்லை.

கில்பர்னில் எழுந்தது. காரணம், பெரும்பகுதி அச்சு எடுக்கும் பாரிஸ் சாந்து என்பேன். கட்டடத்துக்கு ஆபத்து வரும் என்று அக்கம்பக்கத்தார் முன்பே சந்தேகப்பட்டு, மரபுப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனுப் போட்டிருந்தார்கள். அந்த மனுவை ஆராய வந்தவர்கள் மெருகோடுகளுக்கு அச்சு எடுத்தார்கள், செங்கற்களைப் பதிவு செய்தார்கள், உள்ளும் புறமும் படம்பிடித்தார்கள். பட்டியலில் சேரும் முன்பே கட்டடம் போய்விட்டது. கோப்பு வழக்கம்போல் தாமதித்தது. ஆனால் அதற்குள் இருந்த அச்சு தாமதிக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி, இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டுமாறு ஆணையிட்டபோது, ‘இருந்தது எப்படி?’ என்று கேட்டுத் தப்பிக்க வழியில்லை. 2016இல் நடந்த பொது விசாரணையும் ஆணையை உறுதி செய்தது.

அசல் எது, நகல் எது என்று வாதிடுபவர்கள் உண்டு. புதுச் சுவரில் நூற்றாண்டின் புகையும் கையெண்ணெயும் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் 1921இல் கட்டியவர்களும் தொலைந்துபோன ஒன்றின் இடத்தைத்தான் நிரப்பினார்கள். அப்போது அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது மெல்பர்ன் பக்கம்தான். அங்கே தண்டனைக்குக் குறைவில்லை, தண்டனையால் செங்கல் மேல் செங்கல் ஏறவில்லை.

கில்பர்ன் பப் 2021 ஏப்ரல் 12 அன்று திறந்தது, இடிந்து ஆறு ஆண்டும் நான்கு நாளும் கழித்து. கொரோனா விதிகளின்படி அன்று இங்கிலாந்தின் பப்கள் வெளியில் மட்டுமே பரிமாறலாம். அவ்வளவு போராடி மீட்ட கட்டடத்துக்குள் உட்கார முடியாமல், கோப்பையோடு வெளியே இருந்து அதன் சுவரைப் பார்த்தபடியே முதல் நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று.