படியளவும் வாடிக்கையும்

மளிகைக் கடையில் படிக்குக் கால் ஆழாக்கு குறைத்து அளந்தால் கடைக்காரருக்குச் சில காசு மிஞ்சும். அதைக் கண்டுகொண்ட வீடு வேறு கடைக்கு மாறினால் போவது வருடக் கணக்கான பற்று வரவு. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பண்டகசாலை முதல் நுகர்வோர் நீதிமன்றம் வரை சென்ற நூற்றாண்டில் தோன்றிய பலவற்றுக்கும் பின்னால் கடைத்தெரு மீது மக்களுக்கு இருந்த மனக்குறை உண்டு.

சென்னை மாகாணக் காலத்தில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். எடையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வாய்பாடு சரிதான்; ஆனால் படியின் கொள்ளளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதும் கடைக்காரர் கையில் இருந்தது. வாங்கும்போது குவித்த படி, விற்கும்போது தலைதட்டிய படி என்பது பழைய புகார். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டுவது, மிளகாய்த் தூளில் செங்கல் பொடி கலப்பது ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கலப்படத்தைத் தடுக்க மாகாண அரசு 1918இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் அதே கடைக்குப் போனதற்குக் காரணம் கடன். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் உள்ள செம்மங்குப்பம் போன்ற சிற்றூர்களில் கூலியும் அறுவடையும் கைக்கு வரும் வரை அடுப்பு எரியக் கடைக்காரரின் பற்று நோட்டு வேண்டியிருந்தது. பாக்கி வைத்தவர் அளவைப் பற்றிக் கேட்டால், முதலில் பழைய பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்கள். இப்படிக் கட்டுண்டு வந்தவர்களைக் கடைக்காரர்கள் நிலையான வாடிக்கையாளர்களாக எண்ணிக்கொண்டார்கள். மறுபுறம், கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் குழந்தை கையில் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்த கடைகள் இருந்தன. நேரமறிந்து கடன் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

கடனுக்குக் கட்டுப்படாத ஒரு கூட்டம் நகரத்தில்தான் முதலில் உருவானது. அது மாதச் சம்பளக்காரர்களின் கூட்டம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் சேர்ந்து, சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, ரொக்க விற்பனை என்று ஒரு கடை தொடங்கியிருந்தார்கள். அந்த வழியில் 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றோர் அதற்குத் துணை நின்றனர். அந்த ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. பண்டகசாலைகளுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இரண்டாம் உலகப் போரும் ரேஷனும் இத்தகைய பண்டகசாலைகளை மாகாணமெங்கும் பெருக்கின. ஆனால் வேறு வழியில்லாமல் வந்த கூட்டத்தை நம்பி வளர்ந்தவை அவை. 1952இல் ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் வாடிக்கையாளர்கள் கலைந்தார்கள். பல பண்டகசாலைகளில் கேட்ட சரக்கு இருப்பதில்லை. இருந்தாலும் எடுத்துக் கொடுப்பவருக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே சம்பளம். கடைத்தெருவின் குறையால் பிறந்த அமைப்பு அலட்சியத்தால் அதே கடைத்தெருவிடம் ஆட்களை இழந்தது. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

அளவைக் குழப்பத்தைத் தீர்த்தது சட்டம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை படிப்படியாக வந்து, 1962 ஏப்ரலில் கட்டாயமானது. வீசையும் பலமும் தராசிலிருந்து இறங்கின. படி மட்டும் ஊர்ப்புறங்களில் வெகுகாலம் தாக்குப்பிடித்தது. பொட்டலத்தின் மேல் நிகர எடையும் விலையும் அச்சிட வேண்டும் என்ற விதி 1977இல் வந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் முறையிட இடம் கொடுத்தது. ஆனால் கடுகடுத்த முகத்துக்கும், சில்லறைக்குப் பதில் நீட்டும் மிட்டாய்க்கும் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த கடை 1990களில் பெரிதாக வந்தது. சென்னையில் 1996இல் ஃபுட்வேர்ல்டு, 1997இல் சுபிக்ஷா. சரக்கைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம், எடையைத் திரையில் பார்க்கலாம், ரசீது கேளாமலே வரும். நாடு முழுவதும் 1,600 கடைகள் வரை பெருகிய சுபிக்ஷா, பணமுடையில் தட்டுகள் காலியாகி, சம்பளம் கொடுக்க முடியாமல் 2009இல் மூடப்பட்டது. இதற்குள் பல தெருமுனை மளிகைக் கடைகளும் மாறத் தொடங்கியிருந்தன. மின்னணுத் தராசு வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பியது, பருப்பு எடை போட்ட பொட்டலமாக வந்தது, தொலைபேசியில் சொன்ன பட்டியல் சைக்கிளில் வீட்டு வாசலுக்குப் போனது.