மீட்டர் கேஜின் குரல்

திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல், அகலப்பாதைப் பணிக்காக மூடப்படும் வரையில், ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் ஒட்டன்சத்திரத்து மக்களும், தைப்பூசத்துக்குப் பழனி சென்ற பக்தர்களும் கேட்ட ரயிலோசை முழுவதும் மீட்டர் கேஜ் ஓசையே. 2012-இல் பழனி வரை அகலப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பழைய ஓசை திரும்பவில்லை. அதை இன்று ஓரளவேனும் மீட்கக்கூடியவர்கள் மாதிரி ரயில் செய்பவர்கள்தாம் என்பது என் அபிப்பிராயம்.

1:87 என்னும் விகிதத்தில் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவது அவர்களுடைய மீட்டர் கேஜ். எஞ்சினுக்குள் ஓசையைப் புகுத்தும் வித்தை அதைவிட இளையது. ஜெர்மானியராகிய லென்ஸ் 1980-களின் பிற்பகுதியில் வகுத்த எண்முறைக் கட்டுப்பாட்டை ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுவான நியமங்களை ஏற்படுத்திய பின்னரே, தண்டவாளத்தின் வழியே வரும் கட்டளையைப் பிரித்தறிந்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் டீகோடர் எங்கும் பரவிற்று. பதிவு செய்த ஓசையையும் அதே சில்லில் அடக்கிய லோக்சவுண்ட் 1999-இல் வெளிவந்தது.

அந்த முதல் தலைமுறை டீகோடர்கள் இப்போது முதுமை எய்திவிட்டன. ஒரே சமயத்தில் அவை எழுப்பும் ஓசைகள் சிலவே. புதியவையோ 16 பிட் நுட்பத்தில் பல ஓசைகளை ஒருங்கே தெளிவாக ஒலிக்கின்றன. ஆயினும் சில்லை மட்டும் மாற்றினால் காரியம் முடியாது. பழைய லோக்சவுண்ட் 100 ஓம் ஸ்பீக்கருக்காக அமைந்தது. நான்காம் தலைமுறை முதல் 4 ஓம் ஸ்பீக்கர் வழக்கத்துக்கு வந்தது. பழைய ஸ்பீக்கரையே புதிய டீகோடரில் இணைத்தால் குரல் மெலியும். புதிய ஸ்பீக்கரைப் பழைய டீகோடரில் இணைத்தாலோ டீகோடரே கெட்டுப்போகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இதனினும் முக்கியமானது எந்த ஓசையைப் பதிப்பது என்ற விஷயம். 1960-களில் மீட்டர் கேஜுக்கு வந்த ஒய்.டி.எம்.-4 டீசல், அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவம். பின்னர் வாரணாசியிலும் செய்யப்பட்டது. அகலப்பாதையின் டபிள்யூ.டி.எம்.-2-க்கும் அதே 251 வகை எஞ்சின்தான் என்பதனால், அதன் பதிவையே இதற்கும் ஏற்றிவிடுவோர் உண்டு. அது பெருந்தவறு. அதற்குப் பதினாறு சிலிண்டர்; இதற்கு ஒரே வரிசையில் ஆறு. தாளமே வேறு. அலாஸ்காவில் குறுகிய பாதையில் ஓடிய ஒயிட் பாஸ் ரயில்வேயின் ஆல்கோ எஞ்சின்கள் ஒய்.டி.எம்.-4-இன் உடன்பிறப்புகள், பனிமலைகளின் நடுவே பதிவான அவற்றின் உறுமலே நம் பழனிப் பாதையின் உறுமலுக்கு மிக அண்மையானது. ஹாரன் ஒலியை மட்டும் இந்தியப் பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்தல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின் வந்த ஒய்.பி. நீராவி எஞ்சினுக்கோ கணக்கு இன்னும் நுட்பமானது. இரண்டு சிலிண்டர் உடையதாதலால் இயங்கு சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் புகைபோக்கியில் நான்கு முறை நீராவி சீறும்; சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 4.3 மீட்டர் தூரத்துக்கு நான்கு சீறல். பழைய டீகோடர்கள் பல இதை மோட்டாரின் வேகத்தைக் கொண்டு உத்தேசமாகவே ஒலித்தன. புதியவற்றில் டீகோடரின் அமைப்பு எண்களைத் திருத்தித் திருத்திச் சக்கரத்தோடு பொருத்தலாம். சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்றை இட்டு, வண்டியை மிக மெதுவாக நகர்த்தி, புள்ளி கீழிருந்து மீண்டும் கீழே வருவதற்குள் நான்கு ஒலிக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதே எளிய சோதனை.